மேல்மலைக் குழித் தண்ணீர்

கண்டிப் பக்கம் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் புல்லைக் கொல்லும் மருந்தடிக்கும் வேலை. முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு தேயிலை நிரைகளுக்குள் நடப்பார். மழை பெய்தால் அந்த மருந்தெல்லாம் ஓடையில் கலந்து தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்குத்தான் போகும். அங்கே பிள்ளைகளுக்கு வாயில் புண், ஓயாத வயிற்றுவலி. லயத்துச் சனங்களுக்குச் சுத்தம் போதாது என்பார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா.

தமிழர்களைத் தாக்கிய கலவரம் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. தங்கைக்கு நான்கு. ஒரு காலையில் ரோட்டில் கத்தியோடு ஆட்களை ஏற்றிய லொறிகள் வந்து நின்றன. கீழ் லயத்துக் கூரையில் புகை கிளம்பியதும் அப்பா அம்மாவையும் எங்களையும் இழுத்துக்கொண்டு மேல்மலைக்கு ஏறினார். மழைநீர் ஓடத் தேயிலைக்குள் வெட்டியிருந்த ஒரு கானில் எங்களைப் படுக்கவைத்துவிட்டு, எங்கள் லயம் என்னவாயிற்று என்று பார்க்க இறங்கினார்.

வறண்ட காற்று வீசும் மாதம். கானில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மதியத்துக்குள் தங்கை தண்ணீர் கேட்டு அழத் தொடங்கினாள். ஆட்களின் சத்தம் நெருங்கி வந்தது. அம்மா அவள் வாயைப் பொத்தினாள். கையை எடுத்தால் மறுபடி அழுகை. கொஞ்சம் தள்ளி ஒரு குழியில் தண்ணீர் மினுங்கியது.

“போயி அள்ளிட்டு வா. இவ அழுதா எல்லாரையும் வெட்டிருவாங்க,” என்றாள் அம்மா.

தவழ்ந்து போய் இரண்டு கையாலும் அள்ளி வந்தேன். தங்கை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பினாள்.

“கசக்குதுக்கா.”

அவள் தாடையைப் பிடித்து மீதியையும் ஊற்றினேன். இன்னொரு தடவையும் போய் அள்ளி வந்தேன். அழுகை நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா திரும்பி வந்தபோது அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். குழியைக் காட்டினேன். அந்தக் கிழமை முழுவதும் அவர் டாங்கி கழுவிய குழி அது. தூரம் போக வேண்டாம், அங்கேயே கழுவு என்று கங்காணி சொல்லியிருந்தாராம். மருந்தடிக்கும் மலைக்கு அம்மாவைப் போலக் கொழுந்து பறிக்கும் பெண்களை அனுப்புவதில்லை. அதனால் அம்மாவுக்குத் தெரியாது. அப்பா யாரையும் திட்டவில்லை. தங்கையைக் குப்புறப் பிடித்து, அவள் தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டே இருந்தார்.

ஊரடங்கு. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்கவில்லை. டிஸ்பென்சர் ஐயா வாயில் பூச ஊதா மருந்து கொடுத்தார். நாக்கு உரிந்தது. ஐந்தாம் நாள் மூச்சு இழுக்கத் தொடங்கியது. எட்டாம் நாள் செத்துப்போனாள். மரணச் சான்றிதழில் நிமோனியா என்று எழுதினார்கள். கலவரத்தில் செத்தவர்களோடு அவளை யாரும் சேர்க்கவில்லை.

காரியம் முடிந்ததும் அப்பா கங்காணியிடம் வேறு வேலை கேட்டார்.

“புள்ள குடிச்சதுக்குத் தோட்டம் என்ன செய்யும்? நீதானே வீட்டுல சொல்லி வச்சிருக்கணும்?”

அப்பா மறுநாள் டாங்கியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, பெரியவள்தான் தண்ணீர் கொடுத்தாள் என்று சொன்னாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அள்ளிவரச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.