வாயைத் திறந்து காட்டுபவர்

வயிறு நிறைந்த மீன் பக்கத்து மீனைத் தின்னாது என்று நம்பிய ஆள் நான். அந்தத் தைரியத்தில், நேற்று ராத்திரி சாண் நீள ஆஸ்கார் மீனுக்கு இறாலை அள்ளிப் போட்டுவிட்டு, மனைவியின் தங்க மீனை அதே தொட்டியில் விட்டேன்.

தஞ்சாவூரில் வண்ணமீன் கடை வைத்திருப்பவர் உப்பிய கன்னக்காரர். எந்த மீனைப் பற்றிக் கேட்டாலும் அதன் வாயைப் போலத் தன் வாயைத் திறந்து காட்டுவார். "இதுக்குள்ள போற சைஸ்ல எதையும் கூட விடாதீங்க சார்" என்று ஆஸ்காரை வாங்கிய அன்றே திறந்து காட்டியிருந்தார்.

காலையில் ஆஸ்கார் ஒருக்களித்துக் கிடந்தது. தங்க மீனைக் காணோம். கட்டிய லுங்கியோடு பறந்து போய் அவரைக் கூட்டி வந்தேன்.

குனிந்து பார்த்தார். "சாகலை சார். உண்ட மயக்கம். ரெண்டு நாள் பட்டினி போடுங்க."

"தங்க மீனுக்கு இவகிட்ட என்னங்க பதில் சொல்லுவேன்?"

மனைவி சிரித்தாள். "நீங்க படுக்கப் போனதுமே எடுத்துக் குடத்துல விட்டுட்டேன். அண்ணன் எனக்கும் வாயத் தொறந்து காட்டியிருக்காரு."

ஆஸ்கார் தின்றது என் இறாலை மட்டும்தான்.