ஐம்பத்து மூன்று நிமிடச் சப்பாத்து

மொட்டைப்பாறைத் தோட்டத்தில் சப்பாத்துப் பொன்னையா என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் அவருடைய லயத்து வீட்டைக் காட்டிவிடும். ஆனால் அவர் சப்பாத்துப் போட்டு நடந்ததை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. பட்டப்பெயர்கள் பெரும்பாலும் அப்படித்தான்: ஆளிடம் இருப்பதை விட்டுவிட்டு, ஆள் தொங்கவிட்டிருப்பதைச் சொல்லும்.

சப்பாத்து தொங்கியது அடுப்புக்கு மேலே, உத்தரத்தில். நீல நைலோன் துணி, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை, அடியில் வெள்ளை நுரை. ஆடி மழைக்குப் பெட்டிக்குள் வைத்த கல்யாணச் சேலைக்கே பூஞ்சணம் பிடிக்கிற லயம் அது. கெட்டுப்போகக் கூடாத எதையும் அங்கே புகையில்தான் கட்டுவார்கள். விதைச் சோளம், கருவாடு, அதற்கடுத்து சப்பாத்து. ஆயுத பூசைக்கு மட்டும் கீழே இறங்கும். பொன்னையாவின் மனைவி அழகம்மா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடும் கொழுந்துக் கூடையோடும் அதையும் வரிசையில் வைத்துச் சந்தனம் தொட்டு வைப்பாள். பொன்னையா அந்த நேரம் பார்த்து விறகு பொறுக்கப் போய்விடுவார். கூச்சம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பொன்னையா தோட்டத்துத் தபால்காரர். மலைக்கு அந்தப்பக்கம் கடைவீதியில் தபால் கந்தோர். இந்தப்பக்கம் பள்ளத்தில் ஃபெக்டரியும் ஆபீசும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்து, தோட்ட மேலாளரான துரை ஆபீசுக்குள் நுழையும்போது கடிதங்கள் மேசையில் இருக்க வேண்டும். ஆகவே பொன்னையா தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார், வெறுங்காலோடு, வருடக்கணக்காக. ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். தபாலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கவ்வாத்து மலை வளைவில் ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் நேராக இறங்கினால் ஒரு மைல் மிச்சம். அந்தக் குறுக்குப் பாதையைப் போட்டதே பொன்னையாவின் பாதங்கள்தான்.

தொண்ணூற்றோராம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்புக்குத் துரை ஓர் ஓட்டப்போட்டி வைத்தார். ஃபெக்டரி வாசலில் தொடங்கி, ரோட்டு வழியே தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கின் கோயிலுக்கு ஏறி, அங்கே கையில் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டு, அதே ரோட்டில் திரும்பி இறங்க வேண்டும். ஒன்பது மைல். வெல்கிறவரைக் கண்டியில் நடக்கும் மாகாண ஓட்டத்துக்குத் தன் செலவில் அனுப்புவதாகத் துரை சொல்லியிருந்தார். கையில் நூல் இருந்தால் கோயில்வரை போனது நிச்சயம். திரும்பி வருகிறவன் வேறு எந்த வழியால் வரப்போகிறான் என்று வழியில் ஆள் நிறுத்தவில்லை.

கோயிலில் முதலில் நூல் கட்டியது கணேசமூர்த்தி. ஃபெக்டரியில் தேயிலை சலிக்கும் சல்லடைக் காம்பராவில் வேலை செய்த, ஒட்டி உலர்ந்த ஆள். ஓடும்போது மட்டும் அழகாக இருப்பான். பொன்னையா ஐம்பது கெஜம் பின்னால். இறக்கத்தில் பனிமூட்டம் அடைத்துவிட்டது. முன்னால் போகிறவன் முதுகு தெரியவில்லை, காலடிச் சத்தம்தான் கேட்டது. கவ்வாத்து மலை வளைவு வந்தது. பொன்னையாவின் கால் பதினொரு வருடமாகச் செய்ததைச் செய்தது.

செடியின் வெட்டுக்குச்சி தொடையில் கீறியபோதுதான் தாம் தேயிலைக்குள் இறங்கிக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. அப்போது பாதிப் பள்ளம் இறங்கியாகிவிட்டது. மேலே ஏறி ரோட்டைப் பிடித்திருக்கலாம். அப்படிச் செய்வதாகத்தான் நினைத்தார். நினைத்துக்கொண்டே இறங்கினார். முதல் பாதி காலின் தவறு. இரண்டாம் பாதியைக் கால்மீது போட முடியவில்லை.

ஃபெக்டரி வாசலில் துரை கையிலிருந்த கடிகாரத்தை அமுக்கினார். ஐம்பத்து மூன்று நிமிடம். மலைநாட்டில் இந்தப் பாதையில் இப்படி ஒருவரும் ஓடியதில்லை என்றார். உண்மைதான், ஒருவரும் ஓடியதில்லை, பொன்னையா உட்பட. பூரித்துப்போன துரை பங்களாவுக்கு ஆளனுப்பி, தாம் சீமையில் படித்த காலத்தில் ஓடிய சப்பாத்தை வரவழைத்தார். அது அப்போதே பழசு. அதன் பெட்டி மூடியில் பேனாவால் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கணேசமூர்த்தி வந்து சேர்ந்தான். குனிந்து முழங்காலைப் பிடித்து மூச்சு வாங்கினான். நிமிர்ந்து பொன்னையாவின் தொடையில் இருந்த கீறலைப் பார்த்தான். பார்வையைத் திருப்பித் தண்ணீர் குடிக்கப் போனான்.

கண்டிக்குப் போக வேண்டிய வாரம் பொன்னையா முழங்கால் வலி என்று படுத்துவிட்டார். திருட்டு வெற்றியைத் தூக்கிக்கொண்டு கண்டிவரை போக அவருடைய நேர்மை இடம் கொடுக்கவில்லை. அந்த நேர்மையால் மொட்டைப்பாறையிலிருந்து கண்டிக்கு ஒருவருமே போகவில்லை. அடுத்த வருடம் தோட்டம் கம்பனி கைக்குப் போயிற்று, துரை போனார், போட்டியும் போயிற்று. சில வருடம் கழித்து ஆபீசுக்கு மோட்டார் சைக்கிள் வந்து தபால் ஓட்டமும் நின்றது. பொன்னையாவை மருந்தடிக்கிற வேலைக்குப் போட்டார்கள். தொங்கிக்கொண்டிருந்தது சப்பாத்து மட்டும்.

இரண்டாயிரத்து ஆறில் செந்தூரன் மாஸ்டர் வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த யாழ்ப்பாணத்து விளையாட்டு ஆசிரியர். பல்கலைக்கழகத்துக்காக நெடுந்தூர ஓட்டம் ஓடியவர். பெயரைக் கேள்விப்பட்டு லயத்துக்கே தேடி வந்துவிட்டார். அடுப்புக்கு மேலே பார்த்ததும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அண்ணை, இது எழுபதுகளில வந்த சப்பாத்தெல்லே! என்னட்டையும் இப்பிடி ஒண்டு இருந்தது. மாமா வெளிநாட்டில போட்டுக் கழிச்சு அனுப்பினது. இந்த மஞ்சள் பட்டை, இந்த ஓட்டைக்கண்… நான் ஓடின எல்லா ஓட்டமும் அதோடதான்."

"இப்ப அது எங்க இருக்கு, சேர்?" என்றார் பொன்னையா.

"தொண்ணூத்தஞ்சில சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிக்கிடேக்க வாசல்ல கழட்டி வைச்சது. பிறகு வாசலும் இல்லை." அவர் நுனிவிரலால் மஞ்சள் பட்டையைத் தடவினார். "இதுக்குப் பிறகு எத்தனையோ போட்டுட்டன். கால் ஏற்கேல்லை. ஒருக்கா இறக்கித் தருவியளே?"

கையில் வாங்கியவர் முகர்ந்து பார்த்தார். புகை வாசம். அதற்கும் அவர் கண் கலங்கியதைப் பார்த்து அழகம்மா உள்ளே போய்விட்டாள். சப்பாத்தைத் தன் பிள்ளைபோல் வைத்துக்கொண்டு அவர் திட்டத்தைச் சொன்னார். பள்ளிக்கூடச் சுவரில் ஓட்ட வீரர்களின் பெயர்ப்பலகை எழுதப்போகிறார். முதல் வரி: 1991, பொன்னையா, 53 நிமிடம். விளையாட்டுப் போட்டியன்று திறப்பு.

"நம்ம பிள்ளையளுக்கு ஒரு முன்மாதிரி வேணுமண்ணை."

பொன்னையா சப்பாத்தை வாங்கி மறுபடி உத்தரத்தில் கட்டினார். உத்தரத்தில் தொங்கிய பொய்யைப் பதினைந்து வருடம் தலைகுனிந்து கடந்துவிட்டார். சுவரில் பெயிண்டால் எழுதிய பொய்யை எப்படிக் கடப்பது? தினம் பிள்ளைகள் வாசிப்பார்களே.

மறுநாள் சாயந்தரம் சப்பாத்தை உரச் சாக்கில் சுற்றிக்கொண்டு கணேசமூர்த்தி வீட்டுக்குப் போனார். தேயிலைத் தூசி கணேசமூர்த்தியின் நெஞ்சை நிரப்பியிருந்தது. நாலு படி ஏறினால் நாலு முறை நிற்கிற ஆளாகிவிட்டார். லயத்துக் காம்பரா வாசலில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"என்னடா சாக்கு? கருவாடா?"

"சப்பாத்து." பொன்னையா நின்றுகொண்டே சொன்னார். "மூர்த்தி, அன்னைக்கி நான் கவ்வாத்து மலையில குறுக்கால எறங்கிட்டேன்."

கணேசமூர்த்தி சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்க நேரமெடுத்தது.

"பதினஞ்சு வருசங் கழிச்சு வந்து தபால் குடுக்கிறியா? எனக்கு அன்னைக்கே தெரியும்டா. ரோட்டுல ஓடுனவனுக்குத் தொடையில ஏன்டா கீறல்?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? துரை பூரிச்சுப் போய் நிக்கிறாரு. தோத்தவன் பொறாமையில பேசுறான்னுதான் சொல்லுவாங்க. நீயா சொல்லுவேன்னு பாத்தேன். கண்டிக்குப் போக மாட்டேன்னு படுத்தியே, அன்னைக்காவது சொல்லுவேன்னு பாத்தேன்." குரல் இறங்கியது. "எனக்கு அப்ப இருவத்தேழு வயசு. நல்லா மூச்சு இருந்திச்சு."

பொன்னையா சாக்கைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார். "இது ஒன்னுதுதான்."

கணேசமூர்த்தி அதையே பார்த்தார். வருடந்தோறும் ஆயுத பூசைக்குப் பொன்னையா வீட்டில் பொரி வாங்கிப் போவார்; பொரிக்காக வரவில்லை என்பது பொன்னையாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. மஞ்சள் பட்டையில் எத்தனை தையல் விட்டிருக்கிறது என்றுகூடக் கணேசமூர்த்திக்குத் தெரிந்திருந்தது. மெதுவாக வலது காலை நுழைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினார். அளவு சரியாக இருந்தது. எழுந்து ஓரடி வைத்தார்.

காலுக்கடியில் பொரி மிதிபட்ட சத்தம். வெள்ளையாக இருந்த நுரை பொலபொலவென்று உதிர்ந்து வாசலில் கொட்டியது. இரண்டாவது அடிக்கு அடிப்பாகம் மொத்தமும் கழன்று பின்னால் தங்கிவிட்டது. பூஞ்சணம் அண்டாமல் காத்த புகையும் சூடும் நுரையை உள்ளுக்குள் வேக வைத்திருக்கின்றன. கருவாட்டுக்கு ஏற்ற பாதுகாப்பு சப்பாத்துக்கு ஏற்கவில்லை.

"அய்யய்யோ!" என்று பொன்னையா குனிந்து தூளை அள்ளப் போனார்.

"விடுடா. கூட்டிக்கலாம்." கணேசமூர்த்தி உட்கார்ந்தார். "ஓடியிருந்தா தேஞ்சிருக்கும். தேஞ்சிருந்தா பரவால்ல."

"மன்னிச்சிரு மூர்த்தி."

"மாட்டேன்." கோபமில்லாமல்தான் சொன்னார். "என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

விளையாட்டுப் போட்டியன்று பெயர்ப்பலகையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். தோட்டத்தின் இரண்டு கணக்குச் சனமும் மைதானத்தில். செந்தூரன் மாஸ்டர் மாலை போட்டு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார். பொன்னையா அதை வாயருகே பிடித்தார்.

"நான் ஒழுங்கா ஓடலைங்க," என்றார். "கவ்வாத்து மலையில தபால் பாதையில எறங்கி வந்துட்டேன். கணேசமூர்த்திதான் ரோட்டுல ஓடுனாரு. செயிச்சது அவருதான்."

உடனே கைதட்டல். நொந்துபோனார் பொன்னையா. கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல், "பாருங்க, எம்புட்டுப் பெரிய மனசு! கூட்டாளிக்கு விட்டுக் குடுக்கிறாரு!" மாஸ்டர் ஒலிவாங்கியை வாங்கி, தன்னடக்கம் என்றால் இதுதான் பிள்ளைகளே என்று தொடங்கிவிட்டார். பொய்யைப் பதினைந்து வருடம் நம்பியவர்கள் உண்மையை ஒரு நிமிடம்கூட நம்பத் தயாராயில்லை.

முன்வரிசை நாற்காலியிலிருந்து கணேசமூர்த்தி எழுந்தார். மேடைக்கு மூன்று படி, மூன்றிலும் நின்றார். மைதானம் அடங்கும்வரை மூச்சுக்குக் காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"அவன் சொல்றது நெசம். அவன் பெரிய மனசுக்காரன் இல்ல. குறுக்கால வந்தவன்தான்."

இம்முறை ஒருவரும் தட்டவில்லை. பொன்னையா மாலையைக் கழற்றினார். அழகம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். அன்று வீடு திரும்பும்வரை அவள் அவரோடு பேசவில்லை. ஆனாலும் பல வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு ஒழுங்காக ஓடியது.

கூட்டம் கலைந்தபின் மாஸ்டர் துணியை விலக்கி, பெயிண்டரைக் கூப்பிட்டுப் பொன்னையாவின் பெயரை அழிக்கச் சொன்னார். கணேசமூர்த்தி என்று எழுதியாயிற்று. பெயிண்டர் திரும்பிப் பார்த்தார்.

"நேரம் என்ன போடுறது சேர்?"

ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் ஆள் வந்ததும் துரை கடிகாரத்தை நிறுத்திவிட்டாரே. தெரியக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார், முன்னால் வந்து நின்று காத்திருந்தவர்.

"ஏழு நிமிசம் கழிச்சு வந்தாரு சேர்," என்றார் பொன்னையா. "நான் ஃபெக்டரி மணிக்கூட்டையே பாத்துக்கிட்டு நின்னேன்."

"அப்ப அறுபது," என்றார் மாஸ்டர்.

"ஏழு இருக்காது," என்று கணேசமூர்த்தி கையை வீசி மறுத்தார். "ஆறுதான். ஓடுன எனக்குத் தெரியாதா?"

"ஓடுனவனுக்கு எப்பிடிடா தெரியும்? காத்துக்கிட்டு நின்னவன் நானு. ஏழு."

"ஆறுடா, களவாணி!"

பெயிண்டர் தூரிகையை டப்பாவில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.