கூடுதலாகக் கொஞ்சம் காற்று

போன வாரம் என் மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் சரிபார்க்க முனுசாமியின் ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் பாதிப் பேருடைய வண்டிகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர் அவர்.

அப்போது ஒரு இளைஞர் வந்தார். கையில் பளபளவென்று ஒரு ஏர் ஃபில்டர்.

"கம்பெனி ஃபில்டரைக் கழட்டிட்டு இத்த மாட்டிக் குடுண்ணா. வண்டி நல்லா இழுக்கும்ன்றாங்க."

"மாட்டலாம். ஆனா பெட்ரோல் போற ஜெட்டையும் மாத்தி ட்யூனிங் பண்ணித்தான் வண்டிய வெளிய வுடுவேன். லேட்டாவும்."

"இன்னாண்ணா... ஒரு ஃபில்டருக்குப் போயி ட்யூனிங்கா?"

முனுசாமி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த இளைஞரிடம் அன்று சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அந்தோணி எங்கள் தெருக்காரர். பூந்தமல்லி பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை. பழைய 250 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மனைவி ஸ்டெல்லாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அவர் கிளம்புகிற சத்தம்தான் எங்கள் தெருவுக்கு அலாரம்.

எங்கள் பக்கத்து ரோடுகள் உங்களுக்குத் தெரியாததா? ஒரு ஜல்லி லாரி முன்னால் போனால் போதும்... வண்டியும் ஆளும் ஒரே நிறம். அந்தோணியின் ஃபில்டர் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். வண்டி மேடு ஏறத் திணறும்.

ஸ்டெல்லாவின் தம்பி சகாயம். அம்பத்தூரில் ஃபிட்டர். அக்காள் புருஷன் மேல் உயிர். சோழவரத்தில் ரேஸ் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே யோசனை - மாமாவின் வண்டியை எப்படியாவது பறக்க வைக்க வேண்டும். ஒருநாள் எங்கிருந்தோ ஒரு திறந்த ஃபில்டரைக் கொண்டுவந்தான். கம்பி வலையும் ஸ்பாஞ்சுமாகக் காளான் மாதிரி இருந்தது. கம்பெனிக்காரன் வைத்த ஃபில்டர் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதைத் தானே மாட்டினான்.

வண்டியின் குரலே மாறிவிட்டது! அந்தோணி தெருவை ஒரு சுற்று சுற்றிவந்து, "மச்சான், புது வண்டிடா இது" என்று அவன் தோளில் தட்டினார். நானும் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் முனுசாமி அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"காத்து அதிகமா போவுதுல்ல? அதுக்குத் தக்கன பெட்ரோல் போவணும். இந்த ஜெட்டோட ஓட்டை பத்தாது, இஞ்சின் சூடாயிடும். டவுன்லருந்து பெரிய ஜெட் வாங்கியாரேன். சனிக்கிழமை வா, மாட்டி ட்யூன் பண்ணிடலாம். அதுவரிக்கும் பழைய பெட்டியவே போட்டு ஓட்டு."

"சரிண்ணா" என்றார் அந்தோணி.

போடவில்லை. புதுச் சத்தம் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. சனிக்கிழமைதானே, நான்கு நாள்தானே என்று நினைத்திருப்பார். நாம் மட்டும் என்ன? ஆசைப்பட்ட பாதியை இன்றைக்கே செய்துவிடுகிறோம். அவசியமான பாதியைத்தான் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறோம்.

வெள்ளிக்கிழமை காலை. முதல் ஷிஃப்ட். அவசரம் எதுவும் இல்லை, சீக்கிரமாகவே கிளம்பியிருந்தார். ரோடு காலியாக இருந்தது. ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திருகியிருக்கிறார். சூடேறிய பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. வண்டி இழுபட்டுக்கொண்டே போய்ச் சாய்ந்தது. பின்னால் வந்த லாரி டிரைவர் பிரேக் போட்டார்... நிற்கவில்லை.

அந்தோணிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி வெளியே வருவதற்குள் முப்பதாம் நாள் பூசை முடிந்துவிட்டது. முனுசாமியின் ஷெட்டுக்கு எடுத்துப் போனோம். எதற்கு அங்கே என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "எதுனாலன்னு தெரிஞ்சிக்கணும் சார்" என்றாள். சகாயமும் வந்திருந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஆளே பாதியாகியிருந்தான். அந்த ஒரு மாதமாக அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

முனுசாமி முதலில் ப்ளக்கைக் கழற்றினார். பெட்ரோல் சரியாகப் போகிற வண்டியில் அதன் முனை பழுப்பாக இருக்கும். இது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பக்கத்தில் நின்றதால் நான் பார்த்துவிட்டேன். அவர் அதை அப்படியே உள்ளங்கையில் மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சிலிண்டரைப் பிரித்தார். பிஸ்டன் முழுக்கக் கீறல்.

"எதுனாலண்ணா?" என்றாள் ஸ்டெல்லா.

முனுசாமி சகாயத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பிஸ்டனைத் துடைத்தபடியே சொன்னார்: "ஆயிலும்மா. பெட்ரோல்ல ஆயில் கலக்காம போட்டுக்கினு போயிட்டாரு போல. டூ ஸ்ட்ரோக் வண்டி... ஆயில் இல்லன்னா புடிச்சுக்கும்."

சகாயத்துக்கு மூச்சு வந்தது. நிஜமாகவே வந்தது - தோள் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

ஸ்டெல்லா அவனைப் பார்த்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் பேசினாள்.

"இல்லண்ணா. அதுக்கு மொத நாள் சாயந்தரம் குன்றத்தூர் போயிட்டு வரும்போது பங்க்ல நின்னோம். அவரு பெட்ரோல் போட்டாரு, நான்தான் அளந்து ஆயில் ஊத்தினேன். எப்பவும் நான்தான் ஊத்துவேன். செத்துப்போன மனுசன் மேல பழி போடாதீங்க."

சகாயம் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"நான்தான்க்கா... நான் மாட்டினதாலதான்" என்றான் சகாயம்.

"நீ மாட்டின. அவரு கழட்டச் சொல்லியும் கழட்டல. பின்னாடி குந்திக்கினு 'சூப்பரா போவுதுங்க'ன்னு சிரிச்சவ நானு. இதுல யாரைடா சொல்லுவ? எழுந்திரு, வூட்டுக்கு வா."

அவள் கையை நீட்டினாள். சகாயம் எழுந்தான். அந்தக் கையைத் தாண்டி நடந்து, ரோட்டுக்குப் போய், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

ஸ்டெல்லாவும் போனபிறகு, "ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று முனுசாமியைக் கேட்டேன். "போனவரு போயிட்டாரு சார். இருக்கறவனையாவது காப்பாத்தலாம்னு பார்த்தேன்" என்றார். அவர் சொன்னதில் எது தப்பு, ஸ்டெல்லா சொன்னதில் எது தப்பு? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சகாயம் இப்போது ஓசூரில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா அழைத்தாள், வரவில்லை. போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அவனைப் பார்த்தேன். "அக்கா உன்னைத் தப்பாக நினைக்கவில்லையப்பா, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ" என்றேன்.

"அக்கா கோவமா இருந்தா வந்திருப்பேன் சார்" என்றான்.