எங்கள் ஏரித் தண்ணீரும் தங்கை வீட்டு வலையும்

பெங்களூர் ஓரத்துச் சந்தாபுராவில் குடியிருந்துகொண்டு மழை பிடிக்கும் என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். அரை மணி நேரம் பெய்தால் எங்கள் தெருமுனையில் ஆட்டோக்கள் மூச்சு முட்டி நின்றுவிடும். ஆனாலும் மழை வந்தால் எனக்கு ஒரு கெத்து வந்துவிடும். கடலூர்ப் பக்கத்தில், தென்பெண்ணை கடலில் சேரும் முகத்துவாரத்தில் மீன் பிடிக்கும் ஒருவர் என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பார்.

அவர் என் தங்கை வீட்டுக்காரர். ஒரு காலத்தில் நானும் தங்கையும் வேலைக்குப் போன கார்மென்ட் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தார். அங்கேதான் என் தங்கையைப் பார்த்தார். கல்யாணம் முடிந்த கையோடு, ஃபேன் காற்றில் சம்பாதித்தது போதும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு படகுக்குத் திரும்பிவிட்டார். எங்கள் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். தண்ணீர் என்றாலே ஆபத்து என்று சொல்லி வளர்த்த குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டுப் பெண் முகத்துவாரத்தில் போய் வாழ்கிறாள் என்றால் உறவுக்காரர்கள் இன்றும் நம்புவதில்லை.

எங்கள் பகுதி ஏரி நிரம்பினால் தண்ணீர் ஓடை வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, திருக்கோவிலூர் என்று சுற்றிக் கடைசியில் அவர் ஊருக்குத்தான் போகிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் என்னைச் சீண்டாத நாள் கிடையாது. "நீங்க பாத்திரம் கழுவுன தண்ணிலதாங்க்கா நான் எறா புடிக்கிறேன்" என்பார். "அதனாலதான் உங்க எறாவுக்கு அவ்ளோ ருசி" என்பேன் நான்.

சீண்டலுக்கு நடுவே ஒரு நிஜமான வேலையும் இருந்தது. அவர் முகத்துவாரத்தில் முளை நட்டு, வாயை விரித்துப் பை மாதிரி ஒரு வலை கட்டுவார். வெள்ளம் வரும்போது ஆற்றுத் தண்ணீர் முதலில் செம்மண் கரைந்து சிவக்கும். உப்பு குறையக் குறைய, உள்ளே வளர்ந்த இறால் எல்லாம் கூட்டமாகக் கடலைப் பார்த்து ஓடும். அந்த ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள், வலை கட்டியவனுக்குத் தீபாவளி. அதற்குப் பின்னால்தான் எமன் வருவான். மேலே இருக்கும் ஏரிகளிலிருந்து அடித்துக்கொண்டு வரும் ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாக வந்து வலை வாயை அடைக்கும். வண்டல் உள்ளே இறங்கிப் பை கனக்கும். முளையோடு வலை பிடுங்கிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். சீக்கிரம் அவிழ்த்தால் இறால் போச்சு, தாமதித்தால் வலை போச்சு. அணை திறந்தால் ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து ஆற்றில் இறங்காதே என்று சொல்லிக்கொண்டு போவார்கள். ஆகாயத்தாமரை எப்போது வரும் என்று அதில் சொல்லமாட்டார்கள். அதைச் சொல்லும் பொறுப்பைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார். எங்கள் ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், உடனே நான் போன் செய்ய வேண்டும். அவர் நாள் கணக்குப் போட்டுக்கொள்வார்.

மூன்று மழைக்காலம் சரியாகச் சொன்னேன். நான்காவது வருஷம் கவிழ்த்தேன்.

அன்று காலை கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஏரிக்கரைச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர், நுரையும் செடியுமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டுக் கன்னடப் பெண் "கோடி பித்து அக்கா" என்று கத்தினாள். ஏரி வழிகிறதாம். நான் போனை எடுத்து, "தம்பி, கோடி போகுது, நல்லா போகுது, தூக்கிருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கணக்குப் போட்டு வலையை அவிழ்த்துவிட்டார். சாயங்காலம் திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். அது ஏரியிலிருந்து வெளியே வந்த தண்ணீர் இல்லை. ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர் வடிகால் குப்பையில் அடைத்துக்கொண்டு, சாலையில் ஏறி ஏரிக்குள் போய்க்கொண்டிருந்த தண்ணீர். ஏரி பாதிகூட நிரம்பவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

அங்கே உள்ளூர் மழையில் ஆறு லேசாகச் சிவந்து, ஊரே இறால் அள்ளியது. இவர் காய்ந்த வலையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாராம். "பெங்களூர் வானிலை நிலையம் என்ன சொல்லுது?" என்று ஊரே கிண்டல். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பஸ் கண்ணாடி அழுக்கு, அந்தப் பெண் தப்பாகச் சொல்லிவிட்டாள், போனில் சிக்னல் இல்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் "சரிங்க்கா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஏரியைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் ஏரி நிஜமாகவே வழிந்தது. இந்த முறை குடையைப் பிடித்துக்கொண்டு கோடிக்கே போய், தண்ணீர் வெளியேதான் போகிறது என்று இரண்டு முறை பார்த்தேன். பச்சை மெத்தை அப்படியே நகர்ந்து ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. தங்கைதான் எடுத்தாள்.

"சொன்னேன்க்கா. 'உங்கக்கா ஏரியே இங்க வந்து நின்னாலும் நான் நம்பமாட்டேன்'ங்கறாரு. புது வலைக்கா. கோடை முழுக்க ரெண்டு பேரும் ஒக்காந்து கட்டுனோம். போச்சுன்னா இந்த சீசனே போச்சு" என்றாள்.

இரண்டு நாள் பொறுத்தேன். பொறுமைக்கும் எனக்கும் ஆகாது என்று முன்னமே சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் லீவு சொல்லிவிட்டு, தங்கைக்கு ராகி மாவு கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் ஒரு பொய் சொல்லி, விடியற்காலையில் பஸ் ஏறினேன்.

தண்ணீரைத் துரத்திக்கொண்டு பயணம் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பாலம் வரும்போதெல்லாம் ஜன்னலுக்குத் தாவினேன். பக்கத்தில் இருந்தவர் "வாந்தி வருதாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார். திருக்கோவிலூரில் பஸ் டீக்கு நின்றதும் பாலத்துக்கு ஓடினேன். ஆறு கரை முட்டச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நடு ஆற்றில் பச்சைத் திட்டுகள். ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. ராத்திரிக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று தோன்றியது. திரும்பி ஓடி வந்தபோது கண்டக்டர் திட்டிய திட்டு எந்த மொழியிலும் எழுத முடியாதது.

தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அவர் முகத்துவாரத்தில் இருந்தார். தங்கை இன்னொரு படகுக்காரரைக் கெஞ்சி என்னை ஏற்றிவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படகில் ஏறினேன். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி போய்ச் சேர்ந்தேன். அவர் படகில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்னாக்கா இது? ஒரு இழுப்பு பாக்கி இருக்கு. காலைல தூக்கிக்கலாம்."

நான் வழியெல்லாம் சண்டைக்குத்தான் வசனம் தயார் செய்து வந்திருந்தேன். படகு ஆடிய ஆட்டத்தில் எல்லாம் மறந்துபோய், உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது.

"தம்பி, போன வருஷம் தப்பு என்னுதுதான். தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு நான் பாக்கவே இல்ல. பஸ்மேல பழி, அந்தப் பொண்ணுமேல பழின்னு சும்மா கதை விட்டேன். இப்போ திருக்கோவிலூர் பாலத்துல எறங்கி நின்னு என் கண்ணால பாத்துட்டு வரேன். பச்சை வருது. இனி நீங்களே டிசைட் பண்ணுங்க."

அவர் ஆறு வரும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இத போன வருஷமே சொல்லியிருக்கலாம்ல" என்றார். பிறகு குனிந்து முதல் முளையின் கயிற்றை அவிழ்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கக்கூட இல்லை.

அவர் அவிழ்ப்பதைப் பார்த்துப் பக்கத்து வலைக்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார்கள். ஈர வலை எவ்வளவு கனக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நானும் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். உதவி செய்தேனா இடைஞ்சல் செய்தேனா என்று கேட்டால் அவர் இன்றும் சிரித்து மழுப்புவார். இருட்டுவதற்குள் வலை கரையேறிவிட்டது. தங்கை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வயிறு நிறைய இறால் தொக்கும் சோறும் சாப்பிட்டோம்.

காலையில் கூச்சல் கேட்டு ஓடினோம். முகத்துவாரம் முழுக்கப் பச்சை. ஆகாயத்தாமரை ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. விட்டுவைத்த இரண்டு முளைகள் எங்கள் கண்ணெதிரே சாய்ந்தன. ஊர்க்காரர்கள் என்னைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். ஒரு அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். இந்த வண்டல் படிந்தால் பத்து நாளில் மடவை மீன் மேய வரும், அப்போது நீங்கள் இருக்க வேண்டும் என்றார் ஒருவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கரை ஒதுங்கிய செடிக் குவியலைக் காலால் கிளறிக்கொண்டிருந்த தங்கை வீட்டுக்காரர், அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை உருவி, சேற்றைக் கழுவி என்னிடம் நீட்டினார்.

"படிச்சுச் சொல்லுங்க்கா. உங்க பக்கத்து எழுத்துதான?"

கன்னடத்தில் ரசப்பொடி என்று போட்டிருந்தது. சத்தமாகப் படித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குவியலில் அதே மாதிரி இன்னும் நிறைய இருந்தன. அவர் மற்றதை எடுக்கவில்லை.

மத்தியானம் பஸ் ஏற்ற வந்தபோது, "எங்க அக்காதான் வலையக் காப்பாத்துச்சு" என்று தங்கை பஸ் நிறுத்தத்துக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எதனிடமிருந்து காப்பாற்றினேன் என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கைப்பையைத் திறந்து அந்த ரசப்பொடி உறையைத்தான் காட்டியிருக்க வேண்டும்.