வேறொரு தாய்க்குப் போன பதில்

ஊரில் ஓ.எல் பரீட்சை வரை படித்தவன் நான். அதிலும் தமிழுக்கு மட்டும்தான் சொல்லும்படியான புள்ளி வந்தது. இப்போது கடல் கடந்து வந்து, மனுரேவா என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டிகளை அடுக்கிப் பிளாஸ்டிக் தாள் சுற்றுகிறேன். இப்படிப்பட்ட ஒருவன் பத்திரிகை, பத்திராதிபர், வாசகர் கடிதம் என்றெல்லாம் எழுத வெளிக்கிட்டது அதிகப்பிரசங்கம்தான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாவிட்டால் இந்த இடத்திலேயே விட்டுவிடலாம், எனக்கு மனக்குறை இல்லை. நாலு பேர் முன்னால் நின்று சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் தமிழ்ப் பூசை மாதத்தில் ஒரு ஞாயிறு நடக்கும். அதற்கு நான்கு பக்கத்தில் ஒரு செய்திமடல் உண்டு. முன்பு அதைச் செய்தவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். தமிழ் தட்டத் தெரியுமா என்று யாரோ கேட்டபோது தலையாட்டிவிட்டேன். கடைசி வாங்குப் பலகையில் இருந்து பூசை கண்டுவிட்டு, தேநீர் குடிக்காமல் நழுவிப் போகிற எனக்கு அது பிடித்த வேலை. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. வீட்டில் இருந்து அடித்து, கோவில் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், அச்செடுத்து, மடித்து வைத்தால் முடிந்தது.

எங்கள் ஃபாதர் தமிழ்நாட்டுக்காரர், என்னைவிட இளையவர். கணினியில் பழைய பத்திரிகைகளை வாசிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாட்டில் வந்த ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையின் பக்கங்களை அவர் அப்படிக் கண்டெடுத்தார். அதில் ஒரு மூலை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. வாசகர்கள் எழுதும் கடிதங்களில் போட முடியாதவை இருக்குமே, அவற்றுக்குப் பத்திராதிபர் அந்த மூலையில் இரண்டு வரியில் பதில் சொல்வார். கடிதத்தைப் போட மாட்டார், பதிலை மட்டும் போடுவார். எழுதியவரின் பெயரும் இருக்காது. நெடுநாள் சந்தாதாரர் ஒருவருக்கு, தொலைவிலுள்ள ஒரு வாசகருக்கு, ஒரு தாய்க்கு என்று இருக்கும். பண்ணையிலும் தங்கச் சுரங்கத்துப் பக்கமும் இருந்தவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்து அந்த இரண்டு வரியை வாசித்திருப்பார்கள். அக்கம்பக்கத்தாரும் அதே தாளை வாசித்திருப்பார்கள்.

எழுதியவர்களில் குருமாரும் இருந்தார்கள்.

"இதப் பாருங்கண்ணே," என்று ஒருநாள் ஃபாதர் தன் ஃபோனை நீட்டினார். "ஒரு சாமியாரு தன்னோட பிரசங்கத்த முழுசா போடச் சொல்லி எழுதியிருக்காரு. எடிட்டர் என்ன சொல்றாருன்னா, அதக் கேக்கணும்னு உங்க ஜனங்களுக்குக் கடமை இருக்கு, எங்க வாசகருக்கு அந்தக் கடமை இல்லேங்கறாரு."

"சாமிமாரைப் பகிடி பண்ணலாமோ, ஃபாதர்?"

"நாமளே நம்மளப் பண்ணிக்கலாம்ணே. அடுத்தவங்கதான் பண்ணக் கூடாது."

மாதத்துக்கு நாலைந்து பதில்களை அவர் தமிழாக்கி அனுப்புவார். 'பழைய பதில்கள்' என்று தலைப்பிட்டு நான் கடைசிப் பக்கத்தில் போடுவேன். தலைப்பின் கீழே ஃபாதரே எழுதித் தந்த ஒரு குறிப்பு வரும். இவை நூறு ஆண்டுகளுக்கும் முந்தியவை, அந்தக் காலத்தை அறியத்தான் போடுகிறோம், இன்றைக்கு உரிய பதில்களாக எடுக்க வேண்டாம் என்று அதில் இருக்கும். இரண்டு மாதம் அப்படி வந்தது. சனங்களுக்குப் பிடித்துவிட்டது. பூசைக்குப் பிறகு ரோல்சும் தேநீருமாக நின்றுகொண்டு, அந்த ஆள் என்ன கேட்டிருப்பார் என்று ஊகித்து விளையாடுவார்கள். நானும் நழுவிப் போகாமல் சுவர் ஓரமாக நிற்கத் தொடங்கினேன்.

மூன்றாவது மாதம் ஃபாதருக்கு ஒரு யோசனை வந்தது. தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தகரத்தை, மூடியில் கீறல் போட்டு வைத்தார். கேள்விகளைப் பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள், செய்திமடலில் பதில் சொல்கிறேன் என்று பூசையில் அறிவித்தார். ஆனால் தகரத்தைத் திறக்க நேரம் கிடைக்கும் முன்பே தியானத்துக்காக இந்தியாவுக்குப் போய்விட்டார். போகுமுன் வழக்கம்போலப் பழைய பதில்கள் கொஞ்சம் அனுப்பி, கேள்விகளை வந்து பார்த்துக்கொள்வதாக எனக்கு எழுதியிருந்தார்.

அடுத்த மாத இதழுக்குக் கடைசி நேரத்தில் ஒருவர் வாடகைக்கு அறை இருப்பதாக விளம்பரம் தந்தார். பக்கம் நிரம்பி வழிந்தது. எழுத்தைச் சிறிதாக்கினால் வயதானவர்கள் ஏசுவார்கள். நான் ஃபாதரின் குறிப்பைத் தூக்கிவிட்டேன். தலைப்பையும் சுருக்கி 'பதில்கள்' என்று மட்டும் விட்டேன். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன். தகரம் என் நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேறொரு குரு வந்து ஆங்கிலத்தில் பூசை வைத்தார். பிறகு மண்டபத்தில் ஒரே சிரிப்பு. கவிதை அனுப்பிய ஒருவருக்கு, கிடைத்தது, இதோடு போதும் என்று பதில் வந்திருந்தது. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் மேடையேறிக் கவிதை வாசிக்கும் பெரியவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள்.

"அண்ணை, ஃபாதர் உங்களுக்குத்தான் அடிச்சிருக்கிறார்!"

"நான் ரெண்டே ரெண்டு வெண்பாதானே போட்டனான்," என்றார் அவர் பரிதாபமாக. அவரும் தகரத்தில் எதையோ போட்டிருக்கிறார்.

ஆட்கள் பிழையாக விளங்கிக்கொண்டது அப்போதே எனக்குத் தெரிந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்து, இது பழசு, குறிப்பு விடுபட்டுப்போச்சு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. சத்தம் போட்டுக் கதைக்கக் கூச்சம். அது பாதிதான். நான் அடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மண்டபமே கதைக்கிறதைப் பார்க்க எனக்கு உள்ளூர நன்றாக இருந்தது. அடுத்த மாதம் திருத்தம் போட்டால் போகிறது என்று ரோல்ஸ் சாப்பிட்டேன்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் என் மனைவி சொன்னாள்:

"அக்கா வரேல்லையாம்."

அக்கா என்பது மூன்று தெரு தள்ளித் தனியே இருக்கும் ஒருவர். புருஷன் இல்லை. கந்தோர்கள் கூட்டித் துடைத்து ஒரே மகளைப் படிப்பித்தவர். மகள் நகரத்தின் மறு கோடியில், ஆல்பனியில் வேலை. அந்தச் சனிக்கிழமை மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை சைவ சமயம், ஐயர் வைத்துத் தாலி கட்டு, எங்கள் கோவிலில் எதுவும் இல்லை. அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாததால் நாங்கள்தான் கூட்டிப் போவதாக இருந்தது.

"எங்க வரேல்லை?"

"எங்கயோ? சொந்த மோளின்ர கலியாணத்துக்கு! போகக் கூடாதெண்டு ஃபாதர் எழுதிப்போட்டாராம். நியூஸ்லெட்டரில கிடக்குதாம். நீங்கள்தானே அடிக்கிறனீங்கள், எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை."

எனக்கு அந்தப் பதில் நினைவில் இருந்தது. திருச்சபைக்கு வெளியே மணம் முடிக்கும் மகளின் பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்ட ஒரு தாய்க்கு, கூடாது, நிற்பது சம்மதம் தருவதாகும், இதைப்பற்றி இனி எழுத வேண்டாம் என்று பத்திராதிபர் சொல்லியிருந்தார். நான் மீனில் முள் பார்ப்பதுபோலத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு ஃபாதருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் விழுந்தது. தியானத்தில் ஃபோனை அணைத்து வைத்திருப்பார்.

மறுநாள் காலை, மனைவியை ரெயில் நிலையத்துக்குக் கூட்டிப் போகும்போது காரில் சொன்னேன்.

"அந்த அறைக்காரன் விளம்பரத்துக்குக் காசு தந்தவனோ?"

"இல்லை. சும்மாதான்."

"சும்மாவோ! சும்மா ஒருத்தன்ர அறைக்காக மனுசியின்ர மோளின்ர கலியாணத்தையே வெட்டிப்போட்டீங்களே. இண்டைக்கே போய்ச் சொல்லுங்கோ."

"நீரும் வாருமன்."

"நான் வரமாட்டன். வந்தா நான்தான் கதைப்பன், நீங்கள் செருப்பைப் பாத்துக்கொண்டு நிப்பியள்."

அன்று வேலை முடிந்து அக்காவின் தெருவுக்குப் போனேன். விளக்கு எரிந்தது. ஆட்கள் வந்திருக்கிறார்கள், பிறகு வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காரைத் திருப்பினேன். ஆட்கள் யாரும் வந்திருக்கவில்லை. வாசலில் வேறு கார் இல்லை என்பதை நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கதவைத் தட்டினேன். மேசை நிறையக் கற்கண்டும் பாதாமும் கிடந்தன, சான்ட்ரிங்ஹாம் இந்தியக் கடைப் பையோடு. கலியாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போகாட்டிலும் இது போகவேணும் தானே," என்றார். "இருங்கோ தம்பி, தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாமக்கா. அது... அந்தப் பதில் ஃபாதர் எழுதினதில்லை."

"ஏன், அவர் பேர் போடேல்லை எண்டோ? நான் தகரத்தில போட்ட துண்டுக்குத்தானே தம்பி. ஒரு தாய்க்கு எண்டு கிடக்குது."

பழைய பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடியைப் போட்டு அந்தப் பொடி ஆங்கில எழுத்துகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எனக்கு இது விளங்காது. நீங்கள் சொல்லுங்கோ."

சொன்னேன். விளம்பரம், இடம் போதாமை, எடுத்த குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வாய் திறக்காமல் நின்றது எல்லாம். கிடங்கில் பெட்டியைப் போட்டு உடைத்துவிட்டு மேலாளர் முன்னால் நின்றபோதுகூட இவ்வளவு திக்கியதில்லை.

"அப்ப இது ஆருக்கு?"

"ஆரோ ஒரு வெள்ளைக்காரத் தாய்க்கு. நூறு வருசத்துக்கு மேல."

"அவவின்ர மோள் ஆரைக் கட்டினவள்?"

"தெரியாதக்கா. கடிதத்தைப் போடுறேல்லை, பதில் மட்டும்தான்."

"அவ போனவவோ, கலியாணத்துக்கு?"

"அதுவும் தெரியாது."

"என்ன தம்பி, ஒண்டும் தெரியாமலே அடிச்சுப் போட்டிருக்கிறீங்கள்." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"உங்கட துண்டு இன்னும் தகரத்துக்குள்ளதான் இருக்குதக்கா. ஃபாதர் திறக்கவேயில்லை. ஒருத்தரும் வாசிக்கேல்லை."

இதைக் கேட்டால் ஆறுதல்படுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த நூலை அப்படியே விட்டுவிட்டார்.

"எத்தினை தரம் எழுதிக் கிழிச்சனான் தெரியுமோ? ஃபாதர் வாசிச்சிட்டு, யோசிச்சிட்டு, வேற வழியில்லாமத்தான் கூடாதெண்டவர் எண்டு மனசைத் தேத்திக்கொண்டு இருந்தன்."

நான் மேசையில் சிந்திய கற்கண்டைப் பொறுக்கினேன்.

"ஞாயிறு பின்னேரமே பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன், அம்மா வரேல்லை எண்டு. 'இட்ஸ் ஓகே அம்மா' எண்டுபோட்டு ஃபோனை வச்சிட்டாள். அவள் ஓகே எண்டா ஓகே இல்லை."

"இப்ப எடுத்துச் சொல்லுங்கோ அக்கா, வாறன் எண்டு."

"என்னெண்டு சொல்லுறது? பழசெண்டாப் பிழையாப் போச்சோ? நாங்கள் சொல்லுற செபமெல்லாம் பழசுதானே. இண்டைக்கு ஃபாதரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவாரோ தெரியாது."

"நான் அடிக்கிறவன் மட்டும்தான் அக்கா. எனக்கு இதெல்லாம்..." அச்செடுத்த பக்கத்தை மடித்தேன். "இங்கிலீசுப் பூசை வைக்கிற இங்கத்தைய ஃபாதரிட்டக் கேக்கலாம்," என்றேன்.

"இதை இங்கிலீசில கேக்க எனக்கு வராது."

நான் கேட்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார் என்றும் நினைக்கிறேன். அவர் குடியிருக்கும் குருமனை வாசலில் மணி அடித்து, தெரியாத ஒருவருக்கு முன்னால் என் அரைகுறை ஆங்கிலத்தில் இன்னொருவரின் வீட்டுக் கதையைச் சொல்வதை நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் மறுபடி பைகளைக் கட்டத் தொடங்கினார்.

வெளிக்கிடும்போது கதவடியில் வைத்து, "நாளைக்கு எத்தினை மணிக்குப் போறியள்?" என்று கேட்டார்.

"பத்துக்கு."

"இந்தப் பையளைக் கொண்டுபோக வேணும்," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பழைய பத்திராதிபரை நினைத்தேன். கடுமையான மனிதர் என்று அவரைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். அவராவது அந்தத் தாயின் கடிதத்தை உறையைக் கிழித்து வாசித்துவிட்டுத்தான் இரண்டு வரி எழுதினார். நான் இந்தத் தாய்க்கு அதைக்கூடச் செய்யவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அக்கா சேலை உடுத்து, பைகளை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மண்டபத்துக்குள் அவர் வரவில்லை. கூடையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் எங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றார். நானும் நின்றேன். கெட்டிமேளம் வெளியே நன்றாகக் கேட்டது. தாலி கட்டி முடிந்த பிறகு சாப்பாட்டுக்கு உள்ளே போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார், படமும் எடுத்தார்கள். நாலு மணியளவில் அவரை வீட்டில் இறக்கிவிட்டோம்.