காத்துத் தொப்பிக்குப் பொட்டு வைக்கும் இடம்

1. பீரோவுக்குள் போன பெட்டி

பெட்டி வந்து இறங்கிய அன்றைக்கே எனக்கும் மேனேஜருக்கும் சண்டை.

தொண்ணூற்றெட்டு வாக்கில் கொல்லிமலை மேல் இருந்த எங்கள் பாக்சைட் சுரங்கத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு செட் பவர்டு ஏர் ப்யூரிஃபையிங் ரெஸ்பிரேட்டர் வந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நமக்கே மூச்சு வாங்கும். இடுப்பு பெல்ட்டில் ஒரு சின்ன மோட்டார், அதன் வாயில் திருகி மாட்டுகிற வட்டமான பில்டர், பக்கத்தில் பேட்டரி. மோட்டாரிலிருந்து முதுகு வழியாக ஏறும் நெளி ஹோஸ், அதன் முடிவில் முகக் கண்ணாடி வைத்த தொப்பி. மோட்டார் வெளிக்காற்றை பில்டர் வழியாக உறிஞ்சி, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நல்ல காற்றை மட்டும் முகத்துக்கு ஊதும். மலைக்காரர்கள் ஒரே நாளில் அதற்குக் காத்துத் தொப்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

மேனேஜர் செய்த முதல் வேலை, நான்கையும் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டியது. கெஸ்ட் ஹவுஸ் டீ கப்புகளும் அதே பீரோவில்தான் இருந்தன. ஆடிட்டுக்கு யாராவது வந்தால் எடுத்துக் காட்டலாமாம். இது மாட்டிக்கொள்ள வந்த சாமான் சார், காட்டுவதற்கு வந்ததில்லை என்றேன்.

"கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்களா பாய்?" என்றார்.

நான்தான் சொல்லவேண்டும், சார். அதற்குத்தானே எனக்குச் சம்பளம். நான் அங்கே இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக். அடிவாரத்தில் எங்கள் வாப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். சாலிடரிங் அயர்னைப் பிடித்து வளர்ந்தவன், கம்பெனி வேலை கிடைத்து மலையேறினேன். வீட்டில் எனக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். மலையில் அதை ஒருத்தரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் நான் பாய்தான்.

பீரோ திறந்தது என் வாதத்தால் அல்ல. வெள்ளையனின் இருமலால்.

2. மாவு ரூம்

வெட்டியெடுத்த கல் எப்படிப்பட்டது என்று பார்க்க, கொஞ்சம் கல்லை எடுத்து மெஷினில் போட்டு மாவாக அரைப்பார்கள். அந்த அறைக்குப் பெயர் மாவு ரூம். மிளகாய்ப்பொடி அரைக்கும் கடைக்குள் நின்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான், சிவப்பாக, கண்ணுக்கு முன்னால் பறந்துகொண்டே இருக்கும். அங்கே வேலை பார்த்த நாலு பேரில் ஒருவர் வளப்பூர் நாட்டு வெள்ளையன். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் அதற்குள் நின்றவர். இருமல் பிடித்தது. இருமல் நிற்கவில்லை.

மலைக்கு வந்துபோகும் கம்பெனி டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனி இவருக்குள் தூசியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், மிச்சம் இருந்ததெல்லாம் மேடேறுகிற வேலை, பாரம் தூக்குகிற வேலை. அவரால் முடியாது. ஊரில் இருந்த துண்டு நிலத்தில் நாலு பலாமரம், அதில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. அதை நம்பி இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்க முடியுமா? காத்துத் தொப்பி போட்டு வேலை பார்க்கட்டும், இருமல் குறைந்தால் இருக்கட்டும், குறையாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவானது. மற்ற மூன்று செட்டும் அவரோடு அதே அறையில் நின்றவர்களுக்கு. ஆக, வெள்ளையனின் மூச்சும் பிழைப்பும் அந்தத் தொப்பியில் வந்து நின்றன. அந்தத் தொப்பி என் கையில்.

3. உசுரை வாங்கினார்கள்

மெஷினைப் பராமரிப்பது சுலபம். மனிதர்கள் இருக்கிறார்களே.

முதல் மாதமே ஒரு பேட்டரி காணவில்லை. தேடினால் தேவனூர் பக்கம் ஒருத்தர் வீட்டில் கிரிக்கெட் கமெண்டரி கேட்க ரேடியோவுக்கு வயர் கொடுத்து வைத்திருக்கிறார். காலையில் தந்துவிடலாம் என்று இருந்தாராம். அடுத்து ஒருத்தர், பில்டரில் தூசி அடைத்திருக்கிறதே என்று எனக்கு உதவி செய்வதாக நினைத்து கம்ப்ரஸர் காற்றை அடித்துச் சுத்தம் செய்து வைத்திருந்தார். பில்டர் காகிதம் மாதிரி, ஐயா. கம்ப்ரஸர் அடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். அதை வீசிவிட்டுப் புதிது போட்டேன். வீசியதற்கு மேனேஜரிடம் திட்டு வாங்கினேன். மார்கழிப் பனியில் தொப்பிக்குள் காற்று சில்லென்று நெற்றியில் அடிக்கிறது என்று இன்னொருத்தர் ஹோஸுக்குள் மப்ளர் நுனியைத் திணித்துக்கொண்டார். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். "சரிங்க பாய்" என்பார்கள். அந்தச் சரிங்க பாயைக் கேட்டாலே செட்டை இன்னொரு தரம் சோதிப்பேன்.

வெள்ளையன் மட்டும் அப்படியில்லை. சொன்னதைச் செய்வார். தொப்பியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வருவார். அந்த வருஷம் இருமல் நன்றாகவே குறைந்தது. டாக்டரும் திருப்தியாகிவிட்டார்.

தினமும் காலையில் என் வேலை இதுதான். ஈரத்துணியால் செட்டை முழுக்கத் துடைப்பேன். ஹோஸை இழுத்து வெடிப்பு பார்ப்பேன். தொப்பியின் கழுத்துத் துணி கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாக ஹோஸ் முனையில் ஒரு கண்ணாடிக் குழாயைச் சொருகுவேன். அதற்குள் ஒரு சின்னப் பந்து இருக்கும். மோட்டாரைப் போட்டால் பந்து மேலே ஏறிச் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கவேண்டும். நின்றால் காற்று போதும். இறங்கினால் பில்டர் அடைத்துவிட்டது, மாற்றவேண்டும்.

வாரம் ஒரு தரம் பில்டரைக் கழற்றி அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் பார்க்கிறேன் என்று நான் கேட்டேன். மேனேஜர் விடவில்லை. கழற்றிக் கழற்றி மாட்டினால் மரை தேய்ந்துவிடுமாம். பந்து நிற்கிறவரைக்கும் பில்டரில் கை வைக்கக் கூடாது என்று ஆர்டர். இதைப் பற்றி நான் போட்ட சண்டையைத் தனியாக எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகும்.

4. ஆயுத பூஜை

முதல் வருஷ ஆயுத பூஜைக்கு மறுநாள் செட்டுகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். மோட்டாரில் சந்தனம், பேட்டரியில் சந்தனம், பில்டர் சல்லடை மேல் பட்டையாகச் சந்தனம், முகக் கண்ணாடியின் நட்ட நடுவில் குங்குமம். மாட்டிக்கொண்டால் எதிரில் ஆள் வருவது தெரியாது. கத்த வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். பாய் வந்து பொட்டைப் பற்றிப் பேசினால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் யாரையும் எதுவும் சொல்லாமல் எல்லாவற்றையும் துடைத்து, சல்லடை அடைத்த பில்டர்களை மாற்றினேன். வெள்ளையன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 

அடுத்த வருஷம் மற்ற மூன்று செட்டிலும் அதே சந்தன அபிஷேகம். வெள்ளையன் செட் மட்டும் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒருத்தராவது புரிந்துகொண்டாரே என்று மனசு குளிர்ந்துபோனது. அவரிடம் சொல்லவும் செய்தேன். சிரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மற்ற செட்டுகளில் பில்டர் வழக்கம்போல அடைத்தது, பந்து இறங்கியது, மாற்றினேன். வெள்ளையன் செட்டில் பந்து இறங்கவே இல்லை. எல்லாவற்றையும்விட உயரத்தில் நின்றது. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். பாருங்கள், பொருளை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் கையில் பில்டர் எத்தனை காலம் வருகிறது என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

வெள்ளையனுக்கு இருமல் திரும்பி வந்தது. பனிக்காலம், அதனால் இருக்கும் என்றார்கள். பனி போனது, இருமல் போகவில்லை. டாக்டர் வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இத்தனை நல்ல தொப்பி போட்டும் இப்படி என்றால் நோய் உள்ளுக்குள் முற்றிவிட்டது, இனி வேலைக்கு ஆகாது என்றார். வேலையிலிருந்து விடுவிக்கும் உத்தரவு டைப் ஆகி மேனேஜர் மேஜைக்குப் போனது. டாக்டர் அடுத்த தடவை மலையேறி வந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

அப்போதுதான் வெள்ளையன் மனைவி ஒர்க் ஷாப் வாசலில் வந்து நின்றது. கைப்பிள்ளை மாதிரி ஒரு பலாப்பழத்தை இடுப்பில் வைத்திருந்தது. எனக்குக் கொடுக்கக் கொண்டுவந்ததாம்.

"ஏனுங்க பாய், அந்தத் தொப்பி நல்லாத்தான் ஊதுதுங்களா? ஊட்டுல ராவெல்லாம் இருமிக் குக்கிக்கிட்டே இருக்கறாரு. படுக்க முடியலீங்க."

நல்லாத்தான் ஊதுது அம்மா, எல்லாத்தையும்விட நல்லா ஊதுது என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே உறுத்தியது. ஒரே மாவு ரூம், ஒரே தூசி. மற்ற பில்டரெல்லாம் அடைக்கிறது, இது மட்டும் ஏன் அடைக்கவில்லை? தூசி பில்டருக்குப் போகவில்லை என்றால் அது எங்கே போகிறது?

5. சிவப்பு விரல்

வெள்ளையன் செட்டை எடுத்து, ஹோஸைக் கழற்றி, உள்ளே விரலை விட்டேன். சுத்தமான காற்று மட்டுமே வருகிற குழாய் அது. விரல் சிவப்பாக வெளியே வந்தது. யா அல்லா என்று உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜர் ஆர்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு பில்டரைத் திருகினேன். ரப்பர் வளையம் உட்காரும் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம், காய்ந்து கல்லாக இருந்தது. அதனால் வளையம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. அந்த இடுக்கு வழியாக எறும்புச் சாரை மாதிரி சிவப்புத் தூசி உள்ளே போன தடம். மோட்டார் பில்டரை விட்டுவிட்டு அந்த இடுக்கு வழியாக மாவு ரூமையே உறிஞ்சி அந்த மனுஷன் மூக்குக்கு நேராக ஊதிக்கொண்டிருந்திருக்கிறது, மாதக்கணக்கில்.

வெள்ளையனைக் கூப்பிட்டேன். மோட்டாரின் வாயை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். இதை யார் வைத்தது என்று கேட்டேன்.

"நாந்தானுங்க பாய்," என்றார். மறைக்கவே இல்லை. "வெளிய வெச்சா நீங்க தொடச்சுப் போடறீங்க. அதான் உள்ள வெச்சேன். மூச்சு வர்ற எடமாச்சுங்களே. எட்டுக்கையம்மன் கோயில் குங்குமமுங்க, ஊட்டுல வேண்டிக்கிட்டுக் குடுத்தனுப்புனா."

பில்டரை எப்படிக் கழற்றுவது என்று எங்கே படித்தீர் என்று கேட்டேன். நான் மாற்றும்போது பார்த்துக்கொண்டாராம். எத்தனை பேருக்கு எத்தனை தடவை வகுப்பு எடுத்திருப்பேன், ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. ஏறவேண்டாத இந்த ஒன்று மட்டும் ஏறியிருக்கிறது. திட்டத் தொடங்கினேன். திட்டின பாதியில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். எனக்கு அழுகை வந்தது, அதையும் கோபமாகத்தான் காட்டினேன்.

அந்தச் செட்டையும், நன்றாக இருந்த இன்னொரு செட்டையும், பந்துக் குழாயையும் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். சிவப்பு விரலைக் காட்டினேன். அவர் சொன்ன பதிலை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"பந்து நிக்குதே பாய்."

அவர் மேஜை மேலேயே இன்னொரு செட்டை வைத்து, பில்டரை மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். பந்து குழாய் உச்சியில் போய் முட்டி நின்றது. "பில்டரே இல்லாட்டியும் நிக்கும் சார். இன்னும் ஒசரமா நிக்கும். காத்து வருதான்னுதான் பந்து சொல்லும். என்ன காத்துன்னு சொல்லாது."

மேனேஜர் கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினார். பிறகு அந்த உத்தரவை எடுத்து டிராயரில் போட்டார். கிழிக்கவில்லை, போட்டார். டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லித் தவணை கேட்டோம். இருமல் தணிகிறவரை வெள்ளையனை மாவு ரூம் பக்கமே விடவில்லை. பிறகு செட்டைச் சுத்தம் செய்து, புது வளையம், புது பில்டர் போட்டுக் கொடுத்தேன். ஆவணி முடிகிற நேரத்தில் டாக்டர் மறுபடியும் குழாய் வைத்துக் கேட்டார். வேலை பார்க்கலாம் என்றார்.

வேலை தங்கியது. ஆனால் அந்த மாதங்களில் உள்ளே போனது வெளியே வரவில்லை. தொப்பியால் இருமல் குறைந்திருந்த வருஷத்தில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு நிற்காமல் மேடேறியவர், அதன் பிறகு நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்துதான் போனார். அந்தப் பாறையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேனேஜர் மேலும் கோபம் வரும், வெள்ளையன் மேலும் வரும், வாயை மூடிக்கொண்டு துடைத்த என் மேலும் வரும்.

6. வட்டம்

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் வெள்ளை பெயிண்ட் எடுத்து ஒவ்வொரு செட்டின் பேட்டரி மூடியிலும் காசு அளவுக்கு ஒரு வட்டம் போட்டேன். அங்கே காற்றும் போகாது, கண்ணும் மறையாது. எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன். பொட்டு இந்த வட்டத்துக்குள்தான். இங்கே வைத்தால் துடைக்க மாட்டேன். வேறெங்கே வைத்தாலும் சாமியையும் பார்க்க மாட்டேன், ஆளையும் பார்க்க மாட்டேன்.

பூஜையன்று வெள்ளையன் தட்டை என்னிடம் நீட்டினார். "என் செட்டுக்கு நீங்களே வெச்சு உடுங்க பாய்."

எங்கள் ஊர் தர்காவில் சந்தனம் பூசிப் பழகின கை, கூசவில்லை. மெல்லிசாக, வட்டத்துக்குள் வைத்தேன். அன்றிலிருந்து வாரம் ஒரு தரம் பில்டரைக் கழற்றி வளையத்தைப் பார்ப்பதும் நடைமுறையானது. அதற்குப் பிறகு மேனேஜராலும் அதைத் தடுக்க முடியவில்லை.

நான் ஓய்வு பெறும்வரை புதுப் புது செட் வந்தது. ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டேன். ஆடிட்டுக்கு வருகிற ஒவ்வொருத்தரும் இது என்ன தேவையில்லாத குறி, அழியுங்கள் என்று எழுதிவிட்டுப் போவார்கள். மண்டை காய்ந்து போகும். இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். பந்தை நம்பாதீர்கள், கழற்றிப் பாருங்கள். அந்த வட்டத்தையும் அழிக்காதீர்கள். அழித்தால் பொட்டு நிற்காது. உள்ளே போய்விடும்.