சாவுக்கு இடமில்லாத வீடு

தொண்ணூறுகளின் கடைசியில் தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். பெரிய குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மகன் கொழும்பில் இருந்ததால் எங்கள் இருவருக்கும் சின்ன வீடே போதுமென்று நோர்வூட்டில் ஓர் அறை கொண்ட வாடகை வீட்டைப் பார்த்தோம். என் மனைவி கமலம், கட்டிலை எங்கே போடலாம், சாமிப் படத்தை எங்கே மாட்டலாம் என்று ஆசையாகச் சுற்றி வந்தாள்.

சாவியைக் கொடுக்குமுன் வீட்டுக்காரர் தயங்கினார்.

“கோவிச்சுக்காதீங்க ஐயா. வயசானவங்க நீங்க. ஏதாச்சும் ஆயிட்டா பொணத்த இங்க வைக்க வேணாங்க. அப்புறம் யாரும் வாடகைக்கு வரமாட்டாங்க.”

“அப்ப எங்கங்க வைக்கிறது?” என்று கமலம் கேட்டாள். அவர் சாவியை நீட்டினார்.

சாவியை வாங்காமல் திரும்பினோம். அதைவிடச் சின்ன இடத்துக்குத்தான் குடிபோனோம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கமலத்தின் தம்பி வீட்டு இஸ்தோப்புக்கு. அறைக்கு முன்னால் இருந்த அந்த இடத்தைச் சாக்குக் கட்டி மறைத்துக்கொண்டோம்.

சில வருடங்களில் கமலம் போய்ச் சேர்ந்தாள். சாக்கைக் கழற்றிவிட்டு அவளை அங்கேயே கிடத்தினோம். அன்று லயத்தில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை.

கொழும்பிலிருந்து வந்த மகன் சுற்றிலும் பார்த்தான். “இந்த மாதிரி இடத்துலயாப்பா அம்மாவ வச்சிருந்தீங்க?” என்றான்.

அவனும் வாடகை வீட்டில்தான் இருக்கிறான். அங்கே அவளைக் கிடத்த விட்டிருப்பார்களா என்று நான் கேட்கவில்லை.